காவிரி வழக்கில் மோகனூரின் இடம்

காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு ஐந்து தொகுதிகளாக விரிகிறது. தமிழ்நாட்டின் பாசனப் பரப்பைக் கணக்கெடுக்கும் பகுதியில், மேட்டூர் கால்வாய், கட்டளை மேட்டுக் கால்வாய், டெல்டா என்று வரும் தலைப்புகளுக்கிடையே 'சேலம்-திருச்சி வாய்க்கால்கள்' என்றொரு வரி உண்டு. மேட்டூருக்குக் கீழே, கல்லணைக்கு மேலே, ஆற்றின் இரு கரையிலும் பிரியும் பழைய வாய்க்கால்களுக்கு அரசு ஆவணங்கள் கொடுத்துள்ள பொதுப்பெயர் அது. ஜேடர்பாளையத்தில் தலைமதகு கொண்ட ராஜவாய்க்கால், அதோடு சேர்ந்த கொமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்கள் எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை. கொடிக்கால் போட்டவர், வாழை வைத்தவர், கோரை அறுப்பவர், கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு வெட்டுபவர் என நாமக்கல் மாவட்டத்தின் மோகனூர்ப் படுகையின் ஆட்கள் அத்தனை பேரும் அந்த ஒற்றை வரிக்குள் போய்விடுகிறார்கள்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆற்றுநீர்ச் சட்டம் அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. அது அரசுகளுக்கு இடையில் பிறந்தது, அரசுகளையே மனுதாரர்களாகக் கொண்டது. கரையில் இருப்பவர் அந்தச் சட்டத்தில் அரசின் வாய் வழியாக மட்டுமே பேசுகிறார். நூற்றுமுப்பது ஆண்டுக் காவிரி வழக்கைக் கரைக்காரரின் பக்கத்திலிருந்து படித்தால், சர்வதேசச் சட்டமும் மனித உரிமையும் இந்த ஆற்றுக்குள் எந்த வழியாக வந்தன, வந்த பிறகு யாருக்குப் பயன்பட்டன என்பது தெளிவாகத் தெரியும்.

கதை 1892 பிப்ரவரி 18-இல் தொடங்குகிறது. அன்று சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, பட்டியலிடப்பட்ட ஆறுகளில் மைசூர் புதிதாகப் பாசன அணை கட்ட வேண்டுமானால் சென்னையின் முன்சம்மதம் வேண்டும். சென்னை மனம்போனபடி மறுக்கக் கூடாது. ஏற்கெனவே நிலைபெற்ற அனுபோக உரிமையைக் காப்பதற்கு மட்டும் மறுக்கலாம். கீழ்ப்பாசனத்தின் பழைய உரிமைக்கு எழுத்தில் கிடைத்த முதல் காப்பு இது. ஆனால் மேசையின் இரு பக்கமும் சமமாக இல்லை. ஒரு பக்கம் பிரிட்டிஷ் அரசு நேரடியாக ஆளும் மாகாணம். மறுபக்கம், 1881-இல்தான் மன்னரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டு, அதே பிரிட்டிஷ் மேலாதிக்கத்தின் கீழ் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த சமஸ்தானம். இந்தச் சமமின்மையைக் கர்நாடகம் பிற்காலத்தில் விடாமல் சுட்டிக்காட்டியது, அதில் நியாயமும் இருந்தது.

அடுத்த மோதல் கண்ணம்பாடியில். 1910 வாக்கில் மைசூர் 41.5 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அணைக்குத் திட்டமிட்டது. அப்போது தலைமைப் பொறியாளராக இருந்தவர் விசுவேசுவரய்யா. சென்னை 11 டி.எம்.சி.க்கு மட்டும் சம்மதித்தது. அடித்தளத்தை மட்டும் பெரிய அணைக்கு ஏற்ற அகலத்தில் மைசூர் போட, விவகாரம் நீதிபதி கிரிஃபின் தலைமையிலான நடுவத்துக்குப் போனது. 1914-இல் வந்த முடிவு மைசூருக்குச் சாதகம். சென்னை அதை ஏற்காமல் லண்டனில் இருந்த இந்திய அமைச்சர் வரை முறையிட்டு, முடிவைத் தள்ளிவைக்கச் செய்தது. பத்தாண்டு இழுபறிக்குப் பின் 1924 பிப்ரவரி 18-இல் இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தானது. கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகர் அணைக்கு வழி பிறந்தது. பதிலுக்குச் சென்னை 93.5 டி.எம்.சி. கொள்ளளவில் மேட்டூர் அணையைக் கட்டிக்கொண்டது. 1934-இல் அந்த அணை திறக்கப்பட்டதும் மோகனூர் வரையிலான ஆற்றின் குணமே மாறியது. அதுவரை மைசூரில் பெய்ததும் வந்த வெள்ளம், பிறகு பொதுப்பணித்துறை மதகு தூக்கியதும் வருகிற நீரானது.

அதே காலத்தில் உலகின் வேறு மூலைகளில் இதே சண்டைக்கு விடை தேடிக்கொண்டிருந்தார்கள். 1895-இல் ரியோ கிராண்டே ஆற்று நீரை மெக்சிகோ கேட்டபோது, தன் எல்லைக்குள் ஓடும் ஆற்றை ஒரு நாடு என்ன வேண்டுமானாலும் செய்யலாம், கீழே உள்ளவருக்குச் சட்டப்படி எதுவும் தர வேண்டியதில்லை என்று அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரல் ஹார்மன் கருத்துச் சொன்னார். மேல்மடைக்காரரின் ஆணவத்துக்கு இவ்வளவு தெளிவான வடிவத்தை வேறு யாரும் தரவில்லை. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவே அதைப் பின்பற்றவில்லை: 1906-இல் மெக்சிகோவோடு உடன்படிக்கை செய்து ஆண்டுக்கு 60,000 ஏக்கர்-அடி தர ஒப்புக்கொண்டது. மறு ஆண்டே, கான்சாஸ் மாநிலம் கொலராடோ மீது போட்ட வழக்கில், இரு மாநிலங்களும் சமநிலையில் நின்று நியாயமாகப் பங்கிட வேண்டும் என்ற நெறியை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வகுத்தது.

அந்த நெறியை இந்தியாவுக்குள் உறுதியாகக் கொண்டுவந்தவர் பி.என். ராவ். பஞ்சாபின் அணைத் திட்டங்களால் தன் வயல் காயும் என்று சிந்து மாகாணம் முறையிட்டபோது, அவர் தலைமையிலான ஆணையம் 1942-இல் நியாயப் பங்கீட்டையே அடிப்படையாகக் கொண்டது. பிறகு இந்திய அரசமைப்பு அவைக்கு ஆலோசகராக இருந்தவரும், ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தவரும் இதே ராவ்தான். 1966-இல் ஹெல்சிங்கியில் கூடிய சர்வதேசச் சட்டச் சங்கம் இதை விதியாகவே எழுதியது. வடிநிலத்தில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் நியாயமான பங்கு உண்டு. அதைத் தீர்மானிக்கப் பழைய பயன்பாடு, மக்கள்தொகை, தட்பவெப்பம், மாற்று நீராதாரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்தப் பயன்பாட்டுக்கும் இயல்பாகவே முன்னுரிமை கிடையாது. கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் சிக்கல் அங்கேதான் முளைக்கிறது.

சுதந்திர இந்தியா 1956-இல் மாநிலங்களுக்கிடை நீர்த் தகராறுகள் சட்டத்தை இயற்றியது. அதன் மூன்றாம் பிரிவு கவனமாகப் படிக்கத் தக்கது. ஒரு மாநிலத்தின் நலனோ 'அதில் வசிப்போர் எவருடைய நலனோ' பாதிக்கப்பட்டால் தகராறை நடுவர் மன்றத்துக்கு அனுப்பும்படி மத்திய அரசைக் கேட்கலாம் என்கிறது அது. யார் கேட்கலாம்? மாநில அரசு மட்டும். பாதிப்பு மோகனூர்க்காரருடையது, மனு சென்னைக் கோட்டையுடையது. நடுவர் மன்றத்துக்கு அனுப்பப்பட்ட தகராறில் உச்ச நீதிமன்றம் உட்பட எந்த நீதிமன்றமும் தலையிட முடியாது என்று பதினோராம் பிரிவு கதவையும் சாத்தியது.

அந்தக் கோட்டை எப்போதும் கரைக்காரரின் மனத்தோடு நடந்ததா? கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று கர்நாடகம் அணை கட்டிக்கொண்டே போனபோது, தமிழ்நாடு 1971-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பேசித் தீர்க்கலாம் என்று டெல்லி சொன்னதை நம்பி 1972-இல் வாபஸ் வாங்கியது. 1974-இல் 1924 ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டு முடிந்தது. பேச்சு மட்டும் முடியவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டம் நடந்ததே தவிர ஒரு கன அடிக்குக்கூட எழுத்தில் உறுதி கிடைக்கவில்லை.

பூட்டை உடைத்தவர்கள் விவசாயிகள். தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம், மன்னார்குடி ரங்கநாதன் முன்னின்று நடத்திய அமைப்பு. பெயரே ஒரு வாக்கியம் அளவுக்கு நீளும் இந்தச் சங்கம் 1983-இல், அடிப்படை உரிமை மீறலுக்காக நேரடியாக உச்ச நீதிமன்றம் செல்ல வழிவிடும் 32-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு போட்டது. சங்கத்துக்கு மனுப் போடத் தகுதி உண்டா என்ற கேள்வி எழுந்தது. தமிழ்நாடு அரசு 1986 ஜூலையில் தானும் நடுவர் மன்றம் கேட்டு டெல்லிக்கு எழுதியிருந்தது. வழக்கிலும் சங்கத்தின் பக்கம் நின்றது. இதை வைத்து நீதிமன்றம் 1990 மே 4-இல், ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றம் அமைக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஜூன் 2-இல் மன்றம் பிறந்தது. அரசுகள் பதினெட்டு ஆண்டு பேசிப் பெறாததை, உரிமை மனு ஏழு ஆண்டில் பெற்றது. மன்றம் அமர்ந்ததும் நாற்காலிகள் பழையபடி அரசுகளுக்கே போடப்பட்டன. மனுப் போட்டவர் பார்வையாளர் வரிசைக்கு வந்தார்.

பிறகு நடந்தவை பலருக்கும் நினைவிருக்கும். 1991 ஜூன் 25-இல் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. விடச் சொல்லி இடைக்கால ஆணை வந்தது. கர்நாடகம் அதை மறுக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு மாநிலம் தன் வழக்கில் தானே நீதிபதியாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் அச்சட்டத்தைத் தள்ளியது. டிசம்பரில் ஆணை அரசிதழில் வெளியானதும் பெங்களூருவிலும் மைசூருப் பக்கத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். உயிர்கள் போயின, ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டினார்கள். 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்தபோதும் அதே காட்சி. நீர்ப்பங்கீட்டுச் சட்டத்தில் இந்த மனிதர்களுக்கென்று எந்த ஏற்பாடும் இல்லை. டி.எம்.சி.யை அளக்கும் தீர்ப்புக்கு, தீர்ப்பால் வீடிழந்தவரை அளக்கும் கோல் கிடையாது.

2007 பிப்ரவரி 5-இல் வந்த இறுதித் தீர்ப்பு ஹெல்சிங்கி விதிகளை வெளிப்படையாகவே துணைக்கு அழைத்தது. மொத்த நீர் 740 டி.எம்.சி. எனக் கொண்டு தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் விட வேண்டியது 192. அந்தத் தீர்ப்பு அரசிதழுக்கு வரவே 2013 ஆனது.

இந்த இடத்தில் மனித உரிமை உள்ளே நுழைகிறது. ஹெல்சிங்கியில் எந்தப் பயன்பாட்டுக்கும் முன்னுரிமை இல்லை என்று எழுதியிருந்தார்கள் அல்லவா? 1997-இல் ஐ.நா. ஏற்ற நீர்வழிகள் உடன்படிக்கை அதைச் சற்றே திருத்தியது: மோதல் வந்தால் மனிதரின் அத்தியாவசியத் தேவைக்குத் தனிக் கவனம். இந்தியா அந்த வாக்கெடுப்பில் விலகி நின்றது; சீனா எதிர்த்து வாக்களித்தது. 2002-இல் ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு தண்ணீரை மனித உரிமை என்று விளக்கியது. ஹெல்சிங்கி விதிகளை எழுதிய அதே சங்கத்தின் 2004 பெர்லின் விதிகள் அத்தியாவசியத் தேவையை வெளிப்படையாகவே முதலிடத்தில் வைத்தன. 2010 ஜூலை 28-இல் ஐ.நா. பொதுச்சபை குடிநீரையும் துப்புரவு வசதியையும் மனித உரிமையாக அறிவித்தபோது 122 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. ஆதரித்தவற்றில் இந்தியாவும் ஒன்று.

அந்த உரிமை காவிரிக்கு வந்து சேர்ந்த விதம் எதிர்பாராதது. பெங்களூரு நகரின் மூன்றில் ஒரு பகுதிதான் காவிரி வடிநிலத்துக்குள் வருகிறது என்பதால் நடுவர் மன்றம் அதற்குக் குறைத்தே ஒதுக்கியிருந்தது. பதினோராம் பிரிவு இருந்தும் அத்தீர்ப்பின் மேல்முறையீட்டை ஏற்று, 2018 பிப்ரவரி 16-இல் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, குடிநீருக்கே எல்லாவற்றிலும் முன்னுரிமை என்று கூறி அந்நகருக்கு 4.75 டி.எம்.சி. கூட்டியது. தமிழ்நாட்டுப் படுகையில் நிலத்தடி நீர் இருப்பதைக் கணக்கில் எடுத்து இன்னும் 10 டி.எம்.சி.யையும் கர்நாடகத்துக்கு மாற்றியது. பிலிகுண்டுலு அளவு 192-லிருந்து 177.25 ஆனது. ஆறு தேசத்தின் சொத்து, எந்த மாநிலமும் அதற்கு உரிமை கொண்டாட முடியாது என்ற வரியும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. 1892, 1924 ஒப்பந்தங்கள் மேலாதிக்கத்தால் திணிக்கப்பட்டவை, ஆகவே செல்லாது என்ற கர்நாடகத்தின் வாதத்தை அது ஏற்கவில்லை. 1924 ஒப்பந்தம் 1974-இல் காலாவதியானது என்றும் சொன்னது.

குடிநீர் கேட்பவனுக்கு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த உரிமையை யார் கையில் எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 2016 செப்டம்பர் 5-இல் பத்து நாளுக்கு நொடிக்கு 15,000 கன அடி விடச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே மாதம் 23-ஆம் தேதி, இருக்கும் நீரைக் குடிநீருக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்று கர்நாடகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மேக்கேதாட்டுவில் 67.16 டி.எம்.சி. அணை கேட்கும் திட்டத்துக்கும் பெங்களூருவின் குடிநீரே முதல் காரணமாக எழுதப்பட்டிருக்கிறது. தாகத்தின் பெயரில் அரசு தன் பிடியை நீட்டிக்கொள்ள மனித உரிமை வசதியாகிவிட்டது. மோகனூர்க் காவிரியிலிருந்து நாமக்கல் நகரம் தண்ணீர் எடுக்கிறது. அந்தக் குழாயடியில் குடத்தோடு நிற்பவரின் உரிமையும் அதே உரிமைதான். வழக்கில் அது நாமக்கல்லின் உரிமையாக ஒலிப்பதில்லை, தமிழ்நாட்டின் ஒதுக்கீட்டு எண்ணுக்குள் கரைந்துபோகிறது.

இதில் தமிழ்நாட்டுக்கு மட்டும் கை சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. பிலிகுண்டுலுவில் அளந்து வாங்கிய நீர் மோகனூர் வருவதற்குள் குமாரபாளையம், பள்ளிபாளையம் சாயப்பட்டறைகளைக் கடக்கிறது. எதிர்க்கரையில் திருப்பூரின் கழிவைச் சுமந்த நொய்யலும் வந்து கலக்கிறது. தூய நீர் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே பிகார் வழக்கொன்றில் கூறிவிட்டது. அந்த வழியில் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கு பல படிகளைத் தாண்டியது. 2011 ஜனவரியில், கழிவை நிறுத்தாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. காவிரி வழக்கைவிட இந்த வழக்கு மோகனூருக்கு நெருக்கமானது. இங்கே விவசாயியே கட்சிக்காரர், வாழ்வுரிமையைக் காக்கும் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு அவர் கையில் இருந்தது. எதிரே நின்றவர்களில் அவரது சொந்த மாநிலத்தின் தொழிலும், அதைக் கண்காணிக்க வேண்டிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அடக்கம். நீரின் அளவு அரசுகளின் சண்டை. நீரின் நிறம்தான் கரைக்காரர் நேரில் போட முடிந்த சண்டை.

உலக அரங்கிலும் நிலைமை இதுவே. பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23-இல், பாகிஸ்தானோடு 1960-இல் செய்த சிந்து நதி உடன்படிக்கையை இந்தியா நிறுத்திவைத்தது. ஒருதலையாக நிறுத்திவைத்தாலும் தன் அதிகாரம் போகாது என்று அந்த உடன்படிக்கைத் தகராறை விசாரிக்கும் நடுவர் நீதிமன்றம் ஜூனில் அறிவிக்க, அந்த நீதிமன்றத்தையே ஏற்கவில்லை என்றது டெல்லி. பயங்கரவாதத்துக்குப் பதில் சொல்லும் கடமை அரசுக்கு உண்டு. கீழ்ப் பஞ்சாபில் கோதுமை விதைப்பவர் அந்த முடிவில் எங்கும் இல்லை என்பதும் உண்மை. சிந்துவில் மேல்மடையாகப் பேசும் இந்தியா, பிரம்மபுத்திராவில் சீனா கட்டும் பெரிய அணை முன்னால் கடைமடையாகப் பேச வேண்டியிருக்கிறது. வங்கதேசத்தோடு 1996-இல் முப்பதாண்டுக்குச் செய்த கங்கை ஒப்பந்தம் 2026 டிசம்பரோடு முடிகிறது. மேட்டில் நிற்கும்போது இறையாண்மை, பள்ளத்தில் நிற்கும்போது சர்வதேசச் சட்டம்: ஹார்மன் காலத்திலிருந்து அரசுகள் இப்படித்தான் பேசிவருகின்றன. கர்நாடகமோ தமிழ்நாடோ விதிவிலக்கல்ல. நெய்யாற்று நீரை வைத்துத் தமிழ்நாடு கேரளத்தோடும், பாலாற்றுத் தடுப்பணையை வைத்து ஆந்திரத்தோடும் மோதும்போது அதே வாதங்கள் திரும்ப ஒலிக்கின்றன.

2018 தீர்ப்புக்குப் பிறகு அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தில் தலைவரும் மத்திய அரசின் உறுப்பினர்களும் நான்கு மாநிலங்களின் துறைச் செயலர்களும் இருக்கிறார்கள். நல்ல மழையாண்டில் இதற்கு வேலை குறைவு. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து நொடிக்கு இரண்டு லட்சம் கன அடி பாய்ந்தபோது, கரையோர வீடுகளைக் காலி செய்வதுதான் பிரச்சினை. வறண்ட ஆண்டில் சோதனை. 2023-இல் நொடிக்கு 5,000 கன அடியைப் பதினைந்து நாளுக்கு விடச் சொன்னதும் பெங்களூரு அடைத்துக்கொண்டது. பற்றாக்குறையை எந்த விகிதத்தில் பகிர்வது என்பதற்கு இரு மாநிலமும் ஒப்பிய சூத்திரம் எழுதப்படவில்லை. 2025 நவம்பரில் மேக்கேதாட்டுக்கு எதிரான தமிழ்நாட்டின் மனுவை, திட்ட அறிக்கை இன்னும் ஆய்வில்தான் இருப்பதால் காலத்துக்கு முந்தியது என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. அடுத்த சுற்று அந்த ஆணையத்தின் மேசையில்.

தமிழ்நாட்டில் விவசாயிகள் நீர்ப்பாசன முறைமை மேலாண்மைச் சட்டம், 2000 என்றொன்று உண்டு. அதன்படி ஆயக்கட்டுதாரர்கள் வாக்களித்துத் தங்கள் சங்கத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாய்க்கால் தூர்வாருவது, முறைவைத்துப் பாய்ச்சுவது, மதகு ஷட்டர் பழுதைச் சொல்வது அவர் பொறுப்பு. வெற்றிலைக்கொடி சில நாள் வறண்டாலே வாடிவிடும். வாழை குலை தள்ளும் சமயத்தில் முறை தவறினால் வருமானம் போகும். இவற்றை அவர் பிரிவு அலுவலகத்தில் சொல்லலாம், உதவிப் பொறியாளர் செயற்பொறியாளருக்கு எழுதலாம், அது தலைமைப் பொறியாளர் வழியாகச் செயலகத்துக்குப் போகலாம். அங்கிருந்து டெல்லிக் கூட்டத்துக்குப் போவது செயலரும் அவர் கையிலுள்ள நீர் இருப்புக் கணக்கும். கரையில் வாக்கு வாங்கிய ஒருவர் அந்த ஆணையத்தில் உட்கார, 1956 சட்டத்திலோ ஆணையத்தை அமைத்த 2018 திட்டத்திலோ இன்றுவரை வழியில்லை.